ஐடிலிங் நிற்கும் அழகு

ஸ்னோமொபைல் முழு வேகத்தில் போடும் சத்தத்தில் ரசிக்க அதிகமில்லை. த்ராட்டிலை முழுக்க அழுத்தினால் அரைகுறை இன்ஜின்கூடக் கத்தத்தான் செய்யும். கட்டைவிரலை எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சுற்று சட்டென்று இறங்க வேண்டும். இறங்கிய இடத்தில் அணையாமல் நிற்க வேண்டும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,500 சுற்றில். முன்னாலுள்ள சறுக்குக்கட்டைகள் இலேசாக நடுங்கும், மூடி கடகடக்கும், புகைபோக்கி நீலப் புகையை விட்டுவிட்டுத் துப்பும். ஐம்பது வயதான வண்டியை −20 டிகிரிக் குளிரில் இப்படி நிற்க வைக்கத் தெரிந்தவர்கள் கனடாவின் கியூபெக் மாகாணத்துக் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். அவர்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு நான் கச்சேரி கேட்கப் போகிற ஆர்வத்தோடுதான் போவேன்.

முதலில் காதைப் பழக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் ஐடிலிங் ஒரே சீராக இருக்காது, இருக்கவும் கூடாது. த்ராட்டில் மூடியிருக்கும்போது சிலிண்டருக்குள் வரும் புதுக் கலவை மிகக் கொஞ்சம். பழைய எரிந்த வாயு முழுசாக வெளியே போகாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால் ஒன்றிரண்டு சுற்று எரியாமல் கழியும், அதற்குள் கலவை சேரும், பிறகு ஒரு முறை எரியும். ‘டக்… டக்டக்… டக்’ என்ற அந்த நொண்டல் நடையைப் புதிதாகக் கேட்பவர் ‘மிஸ்ஸிங் அடிக்கிறது’ என்பார். தெரிந்தவருக்கு அதுதான் ஆரோக்கியம். ஒரே சீராக, சற்று உயரத்தில், அழகாக ரீங்கரித்துக்கொண்டு நிற்கும் ஐடிலிங்கைக் கேட்டால் அவர் முகம் சுருங்கும். எங்கேயோ திருட்டுக் காற்று நுழைகிறது என்று அர்த்தம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வண்டிகள் பிறந்த ஊர் வால்கூர். மாண்ட்ரியலுக்குக் கிழக்கே உள்ள சிறிய ஊர். அங்கே கராஜ் வைத்திருந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன் 1934-இல் வயிற்றுக்குள் சீழ்பிடித்து இறந்தான். பனி மூடிய சாலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. அதற்கு முன்பே பனியில் ஓடும் வாகனங்களை அவர் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். 1937-இல் ஏழு பேர் உட்காரும் பி7 விற்பனைக்கு வந்தது. ஓரிருவர் ஏறும் சிறிய ஸ்கி-டூ வருவதற்கு 1959 ஆயிற்று, இலேசான இன்ஜின் கிடைக்க வேண்டியிருந்ததால். பின்னாளில் இன்ஜின்கள் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் ஆலையிலிருந்து வந்தன. 1971-இல் வெளியான ஸ்கி-டூ எலான் என்ற எளிய மாடலை 1996 வரை பெரிய மாற்றமில்லாமல் செய்துகொண்டே இருந்தார்கள். தேய்ந்தாலும் தூக்கிப் போட மனம் வராத வண்டி. பழைய வண்டி என்று நான் சொல்லும்போதெல்லாம் மனத்தில் ஓடுவது அந்த எலான்தான்.

ஸ்டார்ட் ஆகாத வண்டியை ஒரு நல்ல மெக்கானிக் அணுகும் விதத்தில் முதலில் கவனிக்க வேண்டியது, அவர் எதையும் திருகமாட்டார் என்பதுதான். ஸ்க்ரூடிரைவர் பையிலேயே இருக்கும். கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இழுப்பார், ஸ்டார்ட் செய்ய அல்ல. கிணற்றில் வாளி தண்ணீரைத் தொட்டதைக் கயிறே சொல்வதுபோல, பிஸ்டன் மேலே வந்து அழுத்தம் கூடும் இடத்தைக் கயிறு அவர் கைக்குச் சொல்லும். இரட்டைச் சிலிண்டராக இருந்தால் இரண்டு தடைகள் வர வேண்டும், இரண்டும் ஒரே கனத்தில். ஒன்று வழுவழுவென்று போனால் பிளக்கையோ கார்புரேட்டரையோ பார்ப்பது வீண். பிஸ்டனோ ரிங்கோ போய்விட்டது. கேஜ் வைத்துப் பார்த்தால் 120 பிஎஸ்ஐ அளவில் இருந்தால் சந்தோஷம். ஆனால் கேஜுக்கு முன்னால் கை தீர்ப்புச் சொல்லிவிடும்.

அடுத்தது பிளக். வேகமாகச் சில இழுப்பு இழுத்துவிட்டுக் கழற்றிப் பார்ப்பார். நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? பாதை இந்த இடத்தில் பிரிகிறது. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்பு வரவில்லை. அல்லது பெட்ரோல் தேவைக்கு மேல் வந்து மூழ்கடித்துவிட்டது. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. காய்ந்த பிளக்கைக் கண்டால் ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு டீஸ்பூன் பிளக் ஓட்டையில் விட்டு, பிளக்கை மாட்டி இழுப்பார். இன்ஜின் உறுமி, இரண்டு மூன்று விநாடி ஓடி, அணையும். அந்த மூன்று விநாடியில் அழுத்தம், நெருப்பு, நேரம் மூன்றும் தேறிவிட்டன. இனி தேட வேண்டியது டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் மட்டும். இவ்வளவு மலிவான, இவ்வளவு துல்லியமான சோதனையை நான் வேறெந்தத் தொழிலிலும் பார்த்ததில்லை.

இந்த வண்டிகளில் பெட்ரோல் ஏறும் விதமே தனி அழகு. எலெக்ட்ரிக் பம்ப் எதுவும் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது கிராங்க்கேஸுக்குள் அழுத்தம் ஏறி இறங்குகிறதல்லவா, அந்தத் துடிப்பை ஒரு சின்னக் குழாய் வழியாகக் கொண்டுவந்து ஒரு மெல்லிய டயாஃப்ரத்தை ஆட்டுகிறார்கள். அது பெட்ரோலை இழுத்துத் தள்ளுகிறது. பல வருஷம் கிடந்த வண்டியில் அந்த டயாஃப்ரம் பழைய ஓலைபோல் விறைத்திருக்கும். பெட்ரோல் குழாயும் அப்படித்தான்: கோடையில் வளையும், குளிரில் மரக்குச்சியாகும், மூட்டில் கண்ணுக்குத் தெரியாமல் வெடித்திருக்கும். அங்கே பெட்ரோல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். ராத்திரியில் குழாயிலிருந்த பெட்ரோல் எல்லாம் டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் தோள்பட்டை கழன்றுபோகிற அளவுக்கு இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும், பகலில் ஒரே இழுப்பில் ஆகும். இந்த அறிகுறியைச் சொன்னதுமே, வண்டியைத் தொடாமல், ‘குழாயை மாற்று’ என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு.

கார்புரேட்டருக்கு வந்தால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். எழுபதுகளின் தொடக்கத்து வண்டிகளில் டில்லட்சன் இருக்கும். மிதவைக் கிண்ணம் இல்லாமல் டயாஃப்ரத்தாலேயே பெட்ரோலை அளந்து கொடுப்பது. சரிவில் சாய்ந்தாலும் கவலையில்லை. அடுத்து வந்தது மிதவை வைத்த ஜப்பானிய மிக்குனி. ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருந்தவர்களுக்கு இது பழகிய வீடுதான், அதே விஎம் குடும்பம். டில்லட்சனைக் கழற்றி எறிந்துவிட்டு மிக்குனி மாட்டுவதே புத்திசாலித்தனம் என்று பலர் சொல்வார்கள். நடைமுறைக்கு அது சரி. ஆனால் டில்லட்சனின் இரண்டு ஊசித் திருகுகளையும் ஒரு சுற்றுத் திறந்து வைத்துவிட்டு, அங்கிருந்து எட்டில் ஒரு பங்காக நகர்த்தி நகர்த்தி இன்ஜின் மூச்சு விடும் இடத்தைப் பிடிப்பதில் இருக்கும் சுகம் மிக்குனியில் இல்லை. இதில் ஒரு பொறியும் உண்டு. டில்லட்சனின் ஸ்லோ திருகு பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். மிக்குனியின் திருகு காற்றைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருகினால் பெட்ரோல் குறையும். ஒன்றில் கை பழகியவர் மற்றதில் கை வைத்தால் ஒவ்வொரு திருகலும் நேர் எதிராகவே போகும்.

சோக் போட்டால் ஓடும், சோக்கை எடுத்தால் அணையும். இதைவிடப் பழக்கமான புகார் கிடையாது. மிக்குனியில் இதற்குப் பதில் பெரும்பாலும் ஸ்லோ ஜெட்தான். நடுவில் மயிரிழைப் பருமனில் ஒரு துளை. கோடை முழுக்கக் கிண்ணத்தில் கிடந்த பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் வார்னிஷாக அந்தத் துளையில் படிந்திருக்கும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் வேறு. அது ஈரத்தை வாங்கிவைத்துக்கொண்டு, ஒரு கட்டத்தில் தண்ணீராகப் பிரிந்து அடியில் நிற்கும். குளிரில் அந்தத் தண்ணீர் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் ஊசிமுனை வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறைபோலத் தெரிந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. கம்பியால் குத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு உடம்பு கூசும். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் ஜெட்டின் மேல் பொறித்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அதே கார்புரேட்டரில் சோக் என்று சொல்லப்படுவது உண்மையில் தனி வழியாகக் கூடுதல் பெட்ரோலை உறிஞ்சும் ஏற்பாடு. த்ராட்டில் மூடியிருந்தால்தான் அந்த உறிஞ்சல் இருக்கும். சோக்கையும் போட்டு, ஆர்வத்தில் த்ராட்டிலையும் அழுத்திக்கொண்டு இழுக்கிறவர் மதியம்வரை இழுக்கலாம்.

நெருப்புப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய ரோட்டாக்ஸில் ஃப்ளைவீலுக்குப் பின்னால் பாயிண்ட் ஒளிந்திருக்கும். ஃப்ளைவீலில் விட்டிருக்கும் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். சும்மா கிடந்தாலே அதன் முனையில் களிம்பு ஏறும். மெல்லிய அரத்தால் ஒரு தேய்ப்பு, பிறகு கெட்டி அட்டையை நடுவில் வைத்து இழுத்துத் தூசு எடுப்பது, இடைவெளியை 0.35-லிருந்து 0.45 மில்லிமீட்டருக்குள் வைப்பது. பிளக்குக்கு அரை மில்லிமீட்டர். சூடானதும் அணைந்து, ஆறியபின் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும் வண்டியில் கண்டன்சரையும் காயிலையும் சந்தேகிக்கலாம்.

திருட்டுக் காற்று என்று சொன்னேனே, அதுதான் இந்தக் கலையின் உச்சி. டூ ஸ்ட்ரோக்கில் கலவை முதலில் கிராங்க்கேஸுக்குள் போய், அங்கே அழுத்தப்பட்டு, பிறகுதான் சிலிண்டருக்கு ஏறுகிறது. ஆகவே கிராங்க்கேஸ் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். கிராங்க்ஷாஃப்ட்டின் இரண்டு முனைகளும் வெளியே வரும் இடங்களில் ரப்பர் சீல்கள், ஒரு பக்கம் கிளட்ச், மறுபக்கம் மேக்னெட்டோ. ஐம்பது வருஷச் சூட்டில் அவை கல்லாகியிருக்கும். அங்கே காற்று புகுந்தால் இன்ஜின் நிற்காது. மாறாக, விறுவிறுவென்று ஓடும். த்ராட்டிலை விட்டாலும் சுற்று இறங்க மனமில்லாமல் மேலேயே தொங்கும், பிறகு மெல்ல இறங்கும். உரிமையாளர் ‘என்ன அருமையாகச் சுற்றுகிறது பார்’ என்று மகிழ்ந்துகொண்டிருப்பார். உள்ளே பெட்ரோலும் அதில் கலந்த ஆயிலும் போதாமல் பிஸ்டன் வெந்துகொண்டிருக்கும். கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் கழுத்தில் விரிசல் இருந்தாலும் இதே குணம்தான். முதலில் அதைக் கையால் வளைத்துப் பார்ப்பார்கள். அது நன்றாக இருந்தால் கார்புரேட்டர் வாயையும் புகை வழியையும் ரப்பரால் அடைத்து, துடிப்புக் குழாய் வழியாக 6 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றடித்து, சீல்களில் சோப்புத் தண்ணீர் தடவிக் காத்திருப்பார்கள். நுரை எங்கே பொங்குகிறதோ அங்கே குற்றவாளி. எனக்குத் தெரிந்த ஒரு முதிய மெக்கானிக் இதற்கெல்லாம் போவதற்கு முன்பே, த்ராட்டிலை விட்டபின் சுற்று இறங்கும் நேரத்தை வைத்தே சீல் என்று சொல்லிவிடுவார். சோதனை அவருக்காக அல்ல, செலவுக்கு முகம் சுளிக்கும் உரிமையாளருக்குக் காட்டுவதற்காக.

இரட்டைக் கார்புரேட்டர் வண்டிகளில் இன்னொரு நுணுக்கம். இரண்டு ஸ்லைடும் ஒரே கணத்தில் எழ வேண்டும். ஒன்று முந்தினால் ஒரு சிலிண்டர் இழுக்க, மற்றது தொங்கிக்கொண்டு வரும், ஐடிலிங் குலுங்கும். வெற்றிட அளவி வாங்கத் தேவையில்லை. ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்களை ஸ்லைடுகளுக்கு அடியில் செருகி, இரண்டையும் உருவும்போது விரலுக்கு ஒரே பிடிப்புத் தெரியும்வரை கேபிள்களைச் சரிசெய்வார்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஐடிலிங் திருகு. ஐடிலிங் நிற்காத வண்டியில் எடுத்த எடுப்பிலேயே அந்தத் திருகை ஏற்றிவிடுவது எல்லோருக்கும் வருகிற ஆசை. நின்றும்விடும். ஆனால் இதில் கியர் கிடையாது. சுற்று ஏறினால் கிளட்ச் தானாகவே பெல்ட்டைக் கவ்வும், பழைய வண்டிகளில் ஏறத்தாழ 3,000 சுற்றில். ஐடிலிங்கை 2,500-க்கு ஏற்றி வைத்தால் பெல்ட் பாதி கவ்வியும் கவ்வாமலும் தேய்ந்து பளபளக்கும், வண்டி தானாக நகரப் பார்க்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: பெல்ட் இறுக்கமாக இருந்தால் அதுவே இன்ஜினைப் பிடித்து இழுத்து அணைக்கும், கார்புரேட்டர் மேல் பழி விழும். அதனால் முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிக் கேட்பார்கள், பிறகு மாட்டிக் கேட்பார்கள். பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி வைத்தால் ட்ராக் அசையாமல் இருக்க வேண்டும்.

நான் சொன்ன அந்த முதிய மெக்கானிக் இன்ஜின் சூடாக இருக்கும்போது கூலி வாங்கமாட்டார். வண்டியை ராத்திரி வெளியே பனியில் நிறுத்தச் சொல்லி, மறுநாள் காலை உரிமையாளரின் மனைவியையோ மகளையோ கயிற்றை இழுக்கச் சொல்வார். மூன்றாவது இழுப்புக்குள் எடுத்து, சோக்கை விட்ட பிறகும் நின்றால் பணம். இல்லையென்றால் மறுபடியும் பிளக்கைக் கழற்றி, நனைந்திருக்கிறதா காய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பிப்பார்.