தோளேறும் ஓடம்

கானடா தேசத்து ஒண்டாரியோ மாகாணத்தில், 1893-ஆம் ஆண்டிலேயே வனப் பூங்காவாக ஒதுக்கப்பட்ட அல்கான்குவின் என்னும் பிரதேசத்தில், 7,500 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் ஏரிகள் சிதறிக் கிடக்கின்றன. பனியுகத்தின் பனிப்பாளங்கள் பாறையைச் சுரண்டிவிட்டுப் போன பள்ளங்களில் நீர் தேங்கி உண்டானவை அவை; ஆதலால் ஏரிக்கு ஏரி நீர்வழி இருக்குமென்ற நிச்சயம் இல்லை. கரையோரத்தில் ஒரு மஞ்சள் பலகை தென்படும். அடுத்த ஏரிக்கு எத்தனை மீட்டர் நடக்கவேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். பிரயாணி அங்கே இறங்கி, அதுவரை தன்னைச் சுமந்து வந்த ஓடத்தைக் கவிழ்த்துத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு, வேரும் சேறும் வழுக்குப் பாறையுமான காட்டுப் பாதையில் நடந்து மறுகரை சேரவேண்டும். போர்ட்டேஜ் என்று அந்தச் சுமைவழிக்குப் பெயர். கனூ எனப்படும் அந்தத் துடுப்போடத்தின் லட்சணங்கள் யாவும், நீரில் வாகனமாகவும் நிலத்தில் பாரமாகவும் இருந்து தீரவேண்டிய இந்த இரட்டை வாழ்க்கையிலிருந்து பிறந்தவையே என்பது என் துணிபு.

இருவர் செல்லும் ஓடமானால் ஒருவர் ஓடத்தையும் மற்றவர் மூட்டையையும் எடுத்துக்கொள்ளலாம். தனியே செல்பவனுக்கு அந்தச் சலுகை இல்லை; எல்லாம் அவன் ஒருவன் தலையில்தான் விடிகிறது. ஒரே நடையில் கொண்டுபோக முடியாவிட்டால், போய், திரும்பி வந்து, மறுபடியும் போய், ஒரு மைல் வழியை மூன்று மைலாக நடக்கவேண்டியதுதான். ஆகவே தனியாள் ஓடம் சமைப்பவர்கள் அவுன்ஸ் கணக்குப் பார்ப்பதைக் கருமித்தனம் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

இந்தக் கணக்கை அதன் எல்லைவரை கொண்டுபோய்ப் பார்த்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் என்ற அமெரிக்கர். பென்ஸில்வேனியாவில் செருப்புத் தைக்கும் தொழில் செய்தவர். சிறு கூடான சரீரம், போதாக்குறைக்குக் காச நோய். நெஸ்மக் என்ற புனைபெயரில் வேட்டைப் பத்திரிகையொன்றில் வனப் பிரயாணக் கட்டுரைகள் எழுதிவந்தார். அவருக்காக நியூயார்க் ராஜ்யத்துக் காண்டன் என்ற ஊரில் இருந்த ரஷ்டன் என்னும் ஓடத் தச்சர் வரிசையாகச் சில ஓடங்களை, ஒன்றைவிட ஒன்று இலேசாகச் செய்து கொடுத்தார். அவற்றில் பிரசித்தமானது ஒன்பதடி நீளமும் 26 அங்குல அகலமும் கொண்ட ‘ஸேரி காம்ப்’. அதன் எடை பத்தரை ராத்தல். 1883-ஆம் வருஷக் கோடையில் அதில் ஏறி அடிரான்டாக் மலைப்பிரதேசத்து ஏரிகளில் 266 மைல் சுற்றிவந்தார் சியர்ஸ். டிக்கன்ஸின் நாவலில் வரும், மதுபானமன்றித் தண்ணீரைத் தீண்டாத கிழத்தாதியின் பெயரை அவர் அதற்குச் சூட்டியதில் ஒரு பரிகாசம் இருக்கிறது: ஓடமும் உள்ளே தண்ணீர் விடுவதில்லை. ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்துக்கு உரிமையாகிவிட்ட அந்த ஓடத்தை ஓர் அற்புதம் என்று வணங்கலாம், பின்பற்றலாகாது. சராசரி ஆகிருதியுள்ள ஒருவன், பத்து நாள் அரிசி பருப்போடு அதில் காலை வைத்தால், டிக்கன்ஸின் தாதி தன் விரதத்தைக் கைவிட நேரும். அளவெடுத்துச் சட்டை தைப்பதைப்போல அந்த ஒரு மனிதருக்கென்றே செய்தது அது. வீட்டிலே தானே ஓடம் சமைக்கத் துணிபவன் அந்தத் தச்சரிடம் கற்கவேண்டியதும் அதுவேயன்றிப் பத்தரை ராத்தல் அல்ல.

இன்று தனிப் பிரயாணத்துக்கென வீட்டில் சமைக்கப்படும் ஓடம் பெரும்பாலும் பதினான்கு முதல் பதினாறு அடி நீளமும், முப்பது அங்குலத்தை ஒட்டிய அகலமும், 35 முதல் 45 ராத்தல் எடையும் உள்ளதாக இருக்கும். அகலம் மிகுந்தால் ஸ்திரமாக நிற்கும். ஆனால் நடுவில் இருப்பவனுக்குத் துடுப்பு நீரை எட்டாது. இதற்குப் பரிகாரமாக, நீர்மட்டத்தில் அகன்று, மேலே போகப் போக உள்வாங்கி, விளிம்பிலே இடுப்புச் சிறுத்தாற்போல் முடியும்படி பக்கங்களை வளைக்கிறார்கள். அடிப்பாகம் அணியத்திலும் அமரத்திலும் சற்றே மேல்நோக்கி எழும்பியிருந்தால் ஓடம் லகுவாகத் திரும்பும். அந்த எழுச்சி அதிகமாகிவிட்டாலோ, காற்றடிக்கும் பெரிய ஏரியில் நேர்வழி போகமாட்டேன் என்று அடம் பிடிக்கும். அரை அங்குலத்தில் சுபாவமே மாறிவிடுகிறது.

சமைக்கும் முறையின் வரலாறு விசித்திரமானது. கானடா தேசத்துப் பூர்வகுடிகள் பூர்ஜ மரப் பட்டையைத் தரையில் விரித்து, வெள்ளைப் புறம் ஓடத்தின் உட்பக்கமாக வரும்படி மடக்கி, ஸ்புரூஸ் மரத்து வேரால் தைத்து, பிசினால் மூட்டுக்களை அடைத்தார்கள். தோல் முதலில், வங்குக்கால்கள் என்ற விலாச் சட்டங்கள் அதன்பின். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மெய்ன் பிரதேசத்துத் தச்சர்கள் இதைத் தலைகீழாக்கி, மர அச்சின்மேல் வங்குக்கால்களை வளைத்துப் பலகை அறைந்து, கித்தான் போர்த்தினார்கள். கண்ணாடி இழைத் துணியும் ரெசின் பசையும் வந்தபின் எலும்புக்கூடே வேண்டாமென்றாகிவிட்டது. ஒண்டாரியோவைச் சேர்ந்த டெட் மூர்ஸ் 1983-இல் வெளியிட்ட ‘கனூகிராஃப்ட்’ என்ற நூல், அந்த வித்தையைத் தச்சுப் பட்டறையிலிருந்து சாமானியர்களின் கார்க் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

கொட்டகையில் நடப்பது இது. ஓடத்தின் குறுக்குவெட்டு உருவங்களைப் பலகையில் அறுத்து, நீண்ட சட்டத்தின்மேல் அடிக்கொன்றாகத் தலைகீழாக நிறுத்துகிறார்கள். செஞ்சிடார் மரத்தைக் கால் அங்குலக் கனமும் முக்கால் அங்குல அகலமும் உள்ள பட்டிகளாக அறுத்து, ஒவ்வொரு பட்டியின் ஓர் ஓரத்தை வட்டமாகவும் மறு ஓரத்தைப் பள்ளமாகவும் இழைத்து, ஒன்றின் வளைவு மற்றொன்றின் பள்ளத்தில் அமரும்படி பசையிட்டு அடுக்குகிறார்கள். மரம் எங்கே முரண்டுகிறதென்று பட்டியின் ஒரு கோடியிலிருந்து கண்ணை ஓட்டிப் பார்ப்பார்கள். ஆனால் இழைப்புளியும் உப்புத்தாளும் ஓய்ந்தபின் முடிவான தீர்ப்புச் சொல்வது உள்ளங்கை. கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் இடத்தில்கூட, கண்ணை மூடிக்கொண்டு தடவினால் மேடு அகப்பட்டுவிடும். ஒரே பலகையிலிருந்து அறுத்த பட்டிகளை இரு பக்கமும் எதிரெதிரே வைத்து, வைக்கோல் நிறத்திலிருந்து காப்பி நிறம்வரை மரத்தின் இயற்கை வர்ணங்கள் இணைந்து ஓடும்படி செய்வது ரசிகனின் வேலை. வேற்று மரங்களைப் பதித்துச் சதுரங்கமும் நட்சத்திரமும் இழைப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களை ஓடம் மன்னிக்கட்டும்.

இந்தச் சிருஷ்டியில் உச்ச நிலை, துணி போர்த்தும் வேளை. சதுர கஜத்துக்கு ஆறு அவுன்ஸ் நிறையுள்ள வெள்ளைக் கண்ணாடித் துணி சிடாரின் செம்மையை முற்றிலும் மறைத்துக்கொண்டு கிடக்கும். எபாக்சி ரெசினைச் சிறிது சிறிதாகவே கலக்கவேண்டும். கிண்ணத்தில் அதிகமாக விட்டுவைத்தால் தன் சூட்டிலேயே புகைந்து கெட்டியாகிவிடும். அதை ஊற்றி ரப்பர் தகட்டால் வழித்துக்கொண்டே போகையில், நெய் பட்ட காகிதம்போல் துணி மறைந்து, கீழே மரம் முன்னைவிட இருமடங்கு ஆழமான நிறத்தோடு எழும்பி வரும். அந்தப் பரவசத்தில் கை தாராளமாகிவிடக்கூடாது. மிஞ்சிய ரெசின் பலம் சேர்ப்பதில்லை, பாரம்தான் சேர்க்கிறது. வழித்தெடுத்து எறிந்தவனே சுமைவழியில் சுகமாக நடக்கிறான்.

அச்சிலிருந்து எடுத்து, உட்புறத்துக்கும் துணி போர்த்தி, ஆஷ் மரத்தால் விளிம்புச் சட்டம் பொருத்துகிறார்கள். உள்சட்டத்தில் இடைவெளிகள் விட்டிருந்தால், ஓடத்தைச் சாய்த்ததும் மழைநீர் முழுவதும் வழிந்துவிடும். எடையும் குறையும், மூட்டைகளைக் கட்டக் கயிறு கோக்கவும் வழியாகும். பிரம்பு பின்னிய ஆசனம், முழந்தாளிட்டு அமர்பவனுக்கு வாகாக முன்பக்கம் சற்றே சாய்ந்திருக்கவேண்டும். அதன் கீழே பாதம் நுழைந்து மீள இடமிருக்கவேண்டும், இல்லையேல் கவிழ்ந்தபோது ஆபத்து.

பெரிய சங்கடம் இனிமேல்தான். நீரில் ஓடம் சமனாக மிதக்கவேண்டுமானால் ஆளின் பாரம் நடுமையத்தை ஒட்டி விழவேண்டும். நிலத்தில் தோளின்மேல் சமனாக நிற்கவேண்டுமானால், தோள் நுகமும் அந்த நடுமையத்திலேயே, அமரம் மட்டும் ஒரு சிறிது தாழ்ந்து முன்னே வழி தெரியும்படி, அமையவேண்டும். இருவரோடத்தில் ஆசனங்கள் இரு கோடியிலும் இருப்பதால் இந்த வழக்கே எழுவதில்லை. தனியோடத்திலோ, ஒரே ஸ்தானத்தை இரண்டு வாழ்க்கைகளும் கோருகின்றன. கழற்றி மாட்டும் நுகம் என்பது வழக்கமான சமாதானம்: கரையேறியதும் விளிம்பில் திருகிப் பூட்டி, மறுகரையில் கழற்றி மூட்டையோடு செருகிவிடலாம்.

வேறொரு கட்சியும் உண்டு. ஆசனத்துக்கு முன்னும் பின்னும் உள்ள குறுக்குச் சட்டங்களில் இரண்டு துடுப்புக்களை நீளவாக்கில் கட்டி, அவற்றின் அலகுகளைத் தோளில் தாங்கி நடக்கும் பழைய முறையே போதும் என்பார்கள் அவர்கள். எப்படியும் தனிப் பிரயாணி மாற்றுத் துடுப்பு ஒன்று கொண்டுபோகிறான். நுகத்தின் எடை மிச்சம். காறையெலும்பு நோகும் என்பது எதிர்க்கட்சியின் வாதம், நோகத்தான் செய்யும். அரை மைலுக்கு உட்பட்ட சுமைவழிகளுக்கு நான் துடுப்புக் கட்சி. அதற்கு மேற்பட்டால், பஞ்சு வைத்துத் தைத்த நுகத்தைப் பரிகசிக்க எனக்குத் தைரியமில்லை.