கைதியின் கதையும் கூலியின் கதையும்

யுத்தத்தைப் பற்றித் தமிழில் சொல்லும்படியான நாவல் இல்லை என்று குறைப்படுவது நம்மிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. அப்படிக் குறைப்படுகிறவர்கள் பெரும்பாலும் டால்ஸ்டாயை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். நம் மண்ணில் யுத்தம் நடக்கவில்லை. குண்டு விழும் என்று பயந்து 1942-ல் சென்னையைக் காலி செய்துகொண்டு ஓடினோம், அவ்வளவுதான். பிறகு எங்கிருந்து நாவல் வரும் என்பது அவர்கள் வாதம். எனக்கு இது சரியாகப் படவில்லை. யுத்தம் நம் ஊருக்கு வரவில்லை என்பது உண்மை. ஆனால் நம் ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் யுத்தத்தின் வாயில் போய் அகப்பட்டுக்கொண்டார்கள். அவர்களை நாம் நம்மவர்களாகக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதுதான் விஷயம்.

ரிச்சர்டு பிளனகன் என்ற ஆஸ்திரேலியரின் 'த நாரோ ரோட் டு த டீப் நார்த்' என்ற நாவலை மறுபடியும் படித்தபோது இந்த எண்ணம் வலுத்தது. 2013-ல் வெளிவந்து, மறு வருஷம் புக்கர் பரிசு பெற்ற நாவல் இது. தலைப்பு, பாஷோ என்ற ஜப்பானியக் கவியின் பயண நூலிலிருந்து எடுத்தது. விஷயம், சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட ரயில் பாதை. பர்மாவில் இருந்த தங்கள் சேனைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது ஆபத்தாகிவிட்டது என்பதால், காட்டையும் மலையையும் அறுத்து 415 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். 1942-ல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்தார்கள். வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் அறுபதினாயிரத்துக்கு மேல். அவர்களில் ஆஸ்திரேலியர் சுமார் 13,000. செத்தவர்கள் சுமார் 2,800. பிளனகனின் தகப்பனாரே அந்தக் கைதிகளில் ஒருவர். மகன் நாவலை முடித்துவிட்டேன் என்று சொன்ன அன்றைக்கே அவர் காலமானாராம்.

கதாநாயகன் டோரிகோ எவன்ஸ் ஒரு டாக்டர், ராணுவ அதிகாரி. கைதிகளுக்கு அவன்தான் தலைவன். ஊரெல்லாம் அவனை வீரன் என்று கொண்டாடுகிறது. அவனுக்கோ தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. நாவலின் சிறந்த பகுதி எது என்று கேட்டால், அவன் நகமுரா என்ற ஜப்பானிய மேஜரிடம் பேரம் பேசும் இடங்களைத்தான் சொல்லுவேன். தினம் காலையில் இத்தனை ஆள் வேலைக்கு வேண்டும் என்று மேஜர் சொல்லுவான். இத்தனை பேர் எழுந்து நிற்கவே முடியாதவர்கள் என்று டாக்டர் சொல்லுவான். ஒரு எண்ணில் வந்து நிற்பார்கள். அந்த எண்ணுக்கு ஆட்களைப் பொறுக்கி எடுப்பது டாக்டரின் வேலை. காலராவிலும் சீதபேதியிலும் கிடக்கிறவர்களில் யார் இன்றைக்குச் சாகலாம் என்று வைத்தியனே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. கடைசியில், மூன்று பகோடாக் கணவாயை நோக்கி நடத்திக்கொண்டு போவதற்கு நூறு பேரை எடுத்துக் கொடு என்று கேட்கிறார்கள். கொடுக்கிறான். இதை எழுதும்போது பிளனகன் குரலை உயர்த்துவதில்லை. அழ வேண்டிய இடத்தில் எண்களைச் சொல்லிவிட்டுப் போகிறார்.

இதே ஆசிரியர்தான் காதல் கதைக்கு வரும்போது நம் தொடர்கதைக்காரர்களே வெட்கப்படும்படி எழுதுகிறார். மாமன் பெண்டாட்டியோடு டோரிகோவுக்குக் காதல். அவள் தீ விபத்தில் செத்துவிட்டாள் என்று ஒரு கடிதம். வெகு காலம் கழித்து ஒரு பாலத்தின் மேல் அவளே எதிரில் நடந்து வருகிறாள். இரண்டு பேரும் பேசாமல் போய்விடுகிறார்கள். இது போதாதென்று, முகாமில் அடித்து நொறுக்கப்பட்டு மலக்குழியில் விழுந்து சாகிற கார்டினர், டோரிகோவின் சொந்த அண்ணன் மகன் என்று முடிவில் தெரிகிறது. இந்தச் சேதி வந்து அந்தச் சாவுக்கு என்ன கனத்தைக் கூட்டிவிட்டது? யாரோ ஒருவனாக அவன் செத்ததே போதுமானதாக இருந்தது. பரிசு கொடுத்தவர்கள் இதையெல்லாம் மன்னித்துவிட்டார்கள் போலிருக்கிறது. நானும் மன்னித்துவிட்டேன்; காரணம், சோய் சாங்-மின் என்ற காவற்காரன்.

அவன் ஜப்பானியன் அல்ல, கொரியாக்காரன். கொரியா அப்போது ஜப்பானுக்கு அடிமை. மாதம் ஐம்பது யென் சம்பளத்துக்குக் கைதிகளைக் காக்க வந்தவன். மேலே இருக்கிறவன் இவனை அடிக்கிறான், இவன் கைதிகளை அடிக்கிறான். யுத்தம் முடிந்தபின் மேஜர் தப்பித்துக்கொண்டு நல்ல குடும்பஸ்தனாக வாழ்கிறான். கொரியாக்காரனைத் தூக்கில் போடுகிறார்கள். தூக்குக்குப் போகும்போதும் அவன் மனம் தனக்கு வரவேண்டிய அந்த ஐம்பது யென்னைச் சுற்றுகிறது. தகப்பனாரின் எலும்பை முறித்த கூட்டத்தில் ஒருவனுக்கு இவ்வளவு நியாயம் செய்ய ஒரு மகனால் முடிந்திருக்கிறது என்றால், அவன் பெரிய எழுத்தாளன்தான்.

இனி நம் சங்கதிக்கு வருகிறேன். அந்தப் பாதையில் கைதிகளைப்போல மூன்று பங்குக்கும் மேல் ஆசியக் கூலிகள் வேலை செய்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் அதிகம் என்பது ஒரு மதிப்பு. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதினாயிரம் பேருக்கு மேல் போனார்கள்; அவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள். ஆசியக் கூலிகளில் செத்தவர்கள் தொண்ணூறாயிரம் வரை இருக்கலாம் என்கிறார்கள். 'இருக்கலாம்' என்பதைக் கவனிக்க வேண்டும். காஞ்சனபுரியில் கைதிகளுக்கு மயானம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள், ஒழுங்கான புல்தரை. கூலிக்கு எண்ணிக்கையே மதிப்பீடுதான்.

நான் குடியிருக்கும் திருவள்ளூரிலிருந்து ஆவடி ரயிலில் அரை மணி தூரம். ஆவடி என்றால் இன்றைக்கு டாங்கி ஞாபகம் வரும். அதற்கு முன்னால் அங்கே இருந்தது மலாயாவுக்குப் போகும் கூலிகளைத் தங்கவைக்கும் முகாம். நாகப்பட்டினத்திலும் அப்படி ஒன்று இருந்தது. வட ஆற்காடு, தென்னாற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று பல ஜில்லாக்களிலிருந்து கங்காணி திரட்டிவந்த ஜனங்களைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். 1938-ல் இந்திய அரசாங்கம் இதற்குத் தடை போட்டது. அதற்குள் போனவர்கள் போனவர்கள்தாம். நாலு வருஷத்தில் ஜப்பான்காரன் வந்தான். ரப்பரை வாங்க ஆளில்லை, அரிசி இல்லை. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டினான். மசியாதவர்களைப் பிடித்துக்கொண்டு போனான். ஆவடியில் கப்பல் ஏறப் புறப்பட்டவனின் பாதை சயாம் காட்டில் போய் முடிந்தது.

பாதை போடுவது என்ன வேலை என்று அறிய விரும்புகிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வரலாம். தண்டவாளம் மாற்றும்போது கேங் ஆட்கள் வரிசையாகக் கடப்பாரை போட்டு நெம்புவதை வெயிலில் நின்று பார்க்க வேண்டும். வயிறாரச் சாப்பிட்டவனுக்கே நாக்குத் தள்ளுகிறது. பாறையை உளியும் சம்மட்டியுமாகக் குடைந்து, மண்ணைக் கூடையில் சுமந்து, மழையில், ஒரு பிடிச் சோற்றுக்கு இதைச் செய்தார்கள். ஆஸ்திரேலியனும் செய்தான், தமிழனும் செய்தான். ஆனால் ஆஸ்திரேலியனுக்கு ஒரு அதிகாரி இருந்தான், ஒரு டாக்டர் இருந்தான், கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஒழுங்கு இருந்தது. தமிழனுக்கு இவை ஒன்றும் இல்லை. சிலர் பெண்டு பிள்ளைகளோடு போயிருந்தார்கள். 1943-ல் காலரா வந்தபோது கூலி முகாம்கள் அப்படி அப்படியே அழிந்தன. அந்த வருஷ நடுவில் சிங்கப்பூரிலிருந்து 'கே போர்ஸ்', 'எல் போர்ஸ்' என்று கைதி டாக்டர்களையும் உதவி ஆட்களையும் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஆஸ்திரேலியர்களும் உண்டு. மருந்தில்லாத டாக்டரும் பாஷை தெரியாத நோயாளியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பிளனகன் நாவலில் இந்தச் சந்திப்பு இல்லை. ஆசியக் கூலிகள் அதில் தூரத்துக் கூட்டமாகத் தெரிகிறார்கள். பேர் சொல்லிக் கூப்பிடும்படியான தமிழன் ஒருவன் இல்லை.

இதற்காக அவர்மேல் கோபப்படுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். கோபத்துக்கு உரியவர் வேறு ஒருவர் என்பேன். 'க்வாய் நதிப் பாலம்' எழுதிய பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர், யுத்தத்துக்கு முன் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்திலேயே வேலை பார்த்தவர். பால் வெட்டும் தமிழனைத் தினம் கண்ணால் கண்டவர். அவர் 1952-ல் எழுதிய நாவலில் பாலத்தைக் கட்டுவது வெள்ளைக்காரக் கைதிகள். 1957-ல் அதைச் சினிமாவாக எடுத்தார்கள். எடுத்த இடம் இலங்கையில் கித்துள்கல. அங்கிருந்து மேலே ஏறினால் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள். உலகம் முழுவதும் அந்தப் படத்துக்குச் சீட்டியடித்தது. பிளனகன் தன் தகப்பனாரின் கதையை எழுதினார். நம் தகப்பன்மாரின் கதையை அவர் எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் சோம்பேறித்தனம்.

நம்மவர்கள் எழுதாமலும் இல்லை. மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், 1993-ல் வந்தது. அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். இவற்றைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. தமிழின் யுத்த நாவல் என்றால் நாம் உடனே சொல்லுவது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972-ல் வெளிவந்த அந்த நாவலுக்கு ஈடு சொல்ல எனக்கும் தெரியவில்லை. மேடான் நகரத் தெருவில் மேஜைமேல் அடுக்கிய தலைகளை அவர் காட்டுவதைப்போல் ஒரு காட்சி வேறு எவர் எழுதினார்? ஆனால் அது வட்டிக்கடைப் பையன்களின் யுத்தம், நேதாஜியின் சேனையில் சேர்ந்தவர்களின் யுத்தம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் யுத்தம் என்று சொன்னால் பொருந்தும். தோட்டத்துக் கூலி அதன் விஷயம் அல்ல. துப்பாக்கி எடுத்த தமிழனை நாம் ஞாபகம் வைத்துக்கொண்டோம். கூடை சுமந்தவனை மறந்தோம். ரெங்கசாமி 'இமையத் தியாகம்' என்று நேதாஜி சேனையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். இரண்டையும் எழுதிய கை அவருடையது; பாதியை மட்டும் ஞாபகம் வைத்த தலை நம்முடையது.

மலேசிய நாவல்களைப் பாராட்டுகிறவர்கள் 'அருமையான ஆவணம்' என்கிறார்கள். இந்த வார்த்தை எனக்கு உவப்பாக இல்லை. நாவலாக எடுத்துக்கொண்டு எடைபோட மனமில்லாதபோது சொல்லும் மரியாதை வார்த்தை அது. ஆஸ்திரேலியர்களிடம் ஆவணம் மலைபோல் இருந்தது. 'வியரி' டன்லப் என்ற டாக்டர் முகாமில் ஒளித்து எழுதிய நாட்குறிப்பு 1986-லேயே அச்சாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் எழுதினார்கள். யார் எந்தத் தேதியில் எந்த வியாதியில் செத்தான் என்பதெல்லாம் பதிவாகிவிட்டது. அந்தப் பொறுப்பு தன் தலையில் இல்லாததால்தான் பிளனகன் தைரியமாகப் பொய் சொல்லுகிறார், வீரனைச் சபலக்காரனாக்குகிறார், கொரியாக்காரனின் மனசுக்குள் புகுகிறார். நம் நாவலாசிரியனுக்கு அந்த வசதி இல்லை. நாட்குறிப்பையும் அவனே எழுத வேண்டும், இறந்தவர் ஜாபிதாவையும் அவனே எழுத வேண்டும், அதோடு நாவலையும் எழுத வேண்டும். தப்பித்து வந்த கிழவர்கள் சொன்னதில் ஒன்றையும் விட்டுவிடக்கூடாது என்று அவனுக்குப் பயம். பயந்தவன் கையில் துயரம் சேரும், பாத்திரம் சேராது. நம் நாவல்களில் கூலிகள் எல்லோரும் நல்லவர்களாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். செத்தவனைப் பற்றிக் குறை சொல்ல எவனுக்கு மனம் வரும்?

எங்கள் ஊர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் தை அமாவாசைக்குக் கூட்டம் தாங்காது. தர்ப்பணம் செய்து வைக்கிறவர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். எல்லாம் முடிந்து, யாரும் இல்லாமல் போனவர்களுக்கென்று கடைசியில் ஒரு கை நீர் விடச் சொல்லுவார். அதைச் சட்டென்று விட்டுவிட்டு எழுந்திருக்கலாம். நாவலாசிரியன் அப்படி மொத்தமாக விட முடியாது. அவனுக்கு ஒவ்வொரு பெயராக வேண்டும்.

பெயர்கள் இல்லாமலும் போகவில்லை. தோட்டத்தில் விடியற்காலம் பெரட்டு நடக்கும். ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், கிராணி செக்ரோல் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவான். வெள்ளைக்கார துரைகள் ஓடிப்போன பிறகு பல தோட்டங்களைக் கிராணிகளே பார்த்துக்கொண்டார்கள். சயாமுக்கு இத்தனை பேர் வேண்டும் என்று ஜப்பானியர் வந்து கேட்டபோது ஜாபிதா எழுதும் வேலை அவர்களிடம் வந்தது. யாரை எழுதுவது, யாரை விடுவது? தனக்கு வேண்டியவனை விட்டுவிடலாம். கடன் திருப்பாதவனை எழுதலாம். எதிர்த்துப் பேசியவனை எழுதலாம். தன் பெயரே அடுத்த ஜாபிதாவில் வந்துவிடாமல் இருக்க எதையும் எழுதலாம். டோரிகோ எவன்ஸின் நூறு பேருக்கும் இந்த ஜாபிதாவுக்கும் வித்தியாசம் என்ன? அந்தக் கொரியாக்காரனின் ஐம்பது யென்னுக்கும் கங்காணியின் தலைக்காசுக்கும் வித்தியாசம் என்ன? நான் படித்தவரையில் நம் நாவல்கள் ஜப்பான்காரனின் கொடுமையை விவரமாகச் சொல்லுகின்றன. இந்தக் கிராணியின் மேஜையருகில் போதுமான நேரம் நிற்பதில்லை. அவனும் தமிழன் என்பதாலோ என்னவோ. அவன் கையெழுத்து அழகாக இருந்திருக்கும். பெயரை எழுதுமுன் பேனாவை உதறி, ஒரு கணம் தலை நிமிர்ந்து வரிசையைப் பார்த்திருப்பான்.