பெயர் மாறிய ஆறு

ஒரு திரைப்படம் ஓர் ஆற்றின் பெயரையே மாற்றியிருக்கிறது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் சயாம்–பர்மா ரயில் பாதையின் இரும்புப் பாலம் உண்மையில் கடந்தது மே குளோங் ஆற்றை. 1957இல் டேவிட் லீனின் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ வந்து ஏழு ஆஸ்கார் விருதுகளை அள்ளியது. பயணிகள் குவாய் ஆற்றைத் தேடி வரத் தொடங்கினார்கள். 1960களில் ஆற்றின் அந்தப் பகுதிக்குக் குவே யாய் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பாங்காக்கில் ஒரு மென்பொருள் வேலையில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். பாலத்தைப் பார்க்கத்தான் போனேன். மனதில் நின்றது கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 நேசநாட்டுப் போர்க்கைதிகள் அங்கே இருக்கிறார்கள். பெயர், படைப்பிரிவு, வயது, இறந்த நாள் என்று கல்லில் பொறித்திருக்கிறது. வரிசை வரிசையாக நடந்தேன். ஒரு தமிழ்ப் பெயரும் கண்ணில் படவில்லை.

அன்றிரவே படத்தை மறுபடி பார்த்தேன். நேர்த்தியான படம், சந்தேகமில்லை. அலெக் கின்னஸ் நடித்த கர்னல் நிக்கல்சன், அதிகாரிகள் உடலுழைப்புச் செய்யக்கூடாது என்ற விதிக்காகத் தகரக் கூண்டில் வெந்து கிடக்கிறார். வென்றதும், எதிரிக்கே மிகச் சிறந்த பாலத்தைக் கட்டிக் கொடுக்கிறார். கௌரவம் எந்த இடத்தில் பைத்தியக்காரத்தனமாகிறது என்பதே படத்தின் கேள்வி. போருக்கு எதிரான படம் என்று இதைப் புகழ்வதும் அதனால்தான்.

எனக்கு ஒப்பாதது இங்கேதான். 1942–43இல் அந்த 415 கிலோமீட்டர் பாதையைப் போட்டவர்களில் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். ஆசியத் தொழிலாளர்களோ சுமார் 2 லட்சம்: தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர், சீனர். யார் மண் சுமப்பது என்பதைக் கௌரவப் பிரச்சினையாக்கிய படத்தில், மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர் இல்லை. மூலநாவலை எழுதிய பியர் பூல் போருக்கு முன் மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். படம் பிடித்ததோ இலங்கையின் கித்துல்கலவில், தமிழர் உழைத்த தோட்டங்களுக்குப் பக்கத்தில். இரண்டு முறையும் அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள்.

ஜப்பானிய ஆக்கிரமிப்பில் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் கூலியும் இல்லை, அரிசியும் இல்லை. முதலில் கூலி தருவதாகச் சொல்லி ஆள் சேர்த்தார்கள். போதாதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். கைதிகளுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது, சொந்த அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். தொழிலாளர்களுக்கு இது எதுவும் இல்லை. 1943இல் காலரா பரவியபோது இந்த வித்தியாசம் உயிரைத் தீர்மானித்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கவேண்டும் என்று கண்டிக்க ஒரு மருத்துவர் இருந்த முகாமும், யாருமற்ற முகாமும் ஒன்றல்ல.

இறந்த கைதிகள் 12,000க்கு மேல். தொழிலாளர்களில் சுமார் 90,000 என்பது ஒரு மதிப்பீடு. 70,000 என்பாரும் உண்டு, ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பாரும் உண்டு. தரவுகளோடு பிழைக்கும் எனக்கு உறைத்தது இதுதான்: இந்த மதிப்பீடுகளுக்கு இடையிலுள்ள வித்தியாசமே, இறந்துபோன கைதிகள் அனைவரையும்விடப் பெரியது. பதிவேட்டில் ஏறாதவர்களைப் பிறகு எண்ண முடிவதில்லை.

இந்தச் செலவு முகாமோடு முடியவும் இல்லை. கல்லறையில் பொறித்த இறந்த நாள் கைதியின் வீட்டுக்கும் தெரியும். தோட்டத்து லயத்தில் காத்திருந்தவளுக்கு யார் சொல்வது? தாலியைக் கழற்றுவதா, வைத்திருப்பதா? எந்த நாளில் திதி கொடுப்பது? இரண்டு பேருடைய பிடிவாதத்தைப் போரின் பைத்தியக்காரத்தனமாகக் காட்டும் படத்துக்கு, இந்தக் கேள்விகள் கேட்கவே வழியில்லை.

கேட்டவர்கள் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் இந்த வரலாற்றைத் தமிழ்த் தொழிலாளர் பக்கமிருந்து சொல்கின்றன. லீனின் செய்நேர்த்தியை இவற்றில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் அந்த நேர்த்தி எதை விட்டுவிட்டு வந்தது என்பதை இவற்றைப் படித்த பிறகுதான் அளக்க முடியும். படத்தின் விசில் மெட்டை நம்மில் பலர் இன்றும் முணுமுணுப்போம். இந்த நாவல்களைப் படித்தவர்கள் எத்தனை பேர்? நானே நாற்பதைத் தாண்டித்தான் படித்தேன். அந்த வெட்கம் எனக்கு உண்டு.

இவ்விதழ் வாசகர்களில் மலேசியாவிலிருந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் இருந்தால், வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே பெயரையும் தோட்டத்தையும் கேட்டு எழுதி வையுங்கள். இறந்த நாள் தெரியாவிட்டால், போன நாளாவது இருக்கட்டும்.