ஆன்ஃபின்சன் உரை: ஒரு மதிப்பீடு

புரதம் மடியும் விதம் பற்றிக் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் 1972-இல் நிகழ்த்திய நோபல் உரை மாணவர்கள் படிக்க வேண்டிய ஒன்று. அவர் ஆராய்ந்த நொதி ரிபோநியூக்ளியேஸ். அதன் 124 அமினோ அமிலங்களில் 8 சிஸ்டீன்கள். இவற்றின் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்து 4 டைசல்பைடு பிணைப்புகள் ஆகின்றன. எட்டையும் இணைகளாக்க எத்தனை வழிகள்? 7×5×3=105. சரியானது ஒன்றே.

பிணைப்புகளை முறித்து, யூரியாவால் சங்கிலியை விரிக்கிறார். பின் யூரியாவை நீக்கிக் காற்றுப்பட வைத்தால் அந்த ஒன்றே மீண்டும் அமைகிறது! யூரியா இருக்கும்போதே பிணைத்தாலோ, நொதியின் ஆற்றல் நூற்றில் ஒரு பங்களவே திரும்புகிறது. ஆகவே, பிணைப்பு வடிவத்தை ஆக்குவதில்லை. வடிவமே பிணைப்பைத் தேர்கிறது. பிணைப்பு, கதவை மூடியபின் இடும் தாழ்ப்பாள்.

உரையின் வலிமை இதுவே. ஆனால் 'அமினோ அமில வரிசையே போதும்' என்று மட்டும் இதைச் சுருக்கிச் சொல்வது பொருந்தாது. இன்சுலினைப் பாருங்கள். அதன் இரு சங்கிலிகளும் தனித்தனியே விடப்பட்டால் எளிதில் சரியாக இணைவதில்லை. முன்னோடியான புரோஇன்சுலினில் இருந்த இணைப்புத் துண்டு வெட்டப்பட்டுவிட்டதே காரணம். செல்லிலோ தவறான பிணைப்புகளை மாற்றித் திருத்தவே ஒரு நொதி உண்டு. அந்நொதியை ஆன்ஃபின்சனே குறிப்பிடுகிறார். விதியைப் படிக்கும் நீங்கள் அதன் எல்லையையும் சேர்த்தே படியுங்கள்.