பொருள் வேறுபடுத்தும் ஒலிகள்: தமிழ் ஒலியிலக்கணத்தின் நெறிகள்

ஒரு பேச்சொலி எவ்வுறுப்புகளின் முயற்சியால் பிறக்கிறது என்பதை ஆராய்வது ஒலியியல். அவ்வொலி ஒரு மொழியின் அமைப்பில் என்ன பணி செய்கிறது என்பதை ஆராய்வது ஒலியனியல். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களுள் பிறப்பியல் முதல் துறைக்கு உரியது. நூன்மரபு, மொழிமரபு ஆகியவற்றின் பெரும்பகுதியும் புணர்ச்சி பற்றிய இயல்களும் இரண்டாம் துறையைச் சார்ந்தவை.

உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் செயலால் வெவ்வேறு எழுத்தொலியாகிறது என்பது பிறப்பியலின் கொள்கை. அணர்ந்த நாநுனி அண்ணத்தை ஒற்றும்போது றகர னகரங்களும், வருடும்போது ரகர ழகரங்களும் பிறக்கும் என அவ்வியல் பிரித்துரைப்பதால், ஒலிப்பிடம், ஒலிப்புமுறை என்று இன்றைய ஒலியியலார் வேறுபடுத்தும் இரண்டும் அங்கே தெளிவாக உணரப்பட்டிருந்தன எனலாம். உடலினுள் எழும் காற்றின் அளவு அந்தணர் மறையில் உள்ளது என்று சுட்டிவிட்டு, வெளிப்பட்டுச் செவிக்குப் புலனாகும் ஒலியையே தாம் கூறுவதாக ஆசிரியர் தம் எல்லையை வகுத்துக்கொள்வது பாராட்டத்தக்கது.

பொருளை வேறுபடுத்தும் ஒலியலகை ஒலியன் என்றும், சூழலுக்கேற்ப அது கொள்ளும் வடிவங்களை மாற்றொலிகள் என்றும் மொழியியலார் வழங்குவர். ‘கடல்’ என்பதில் குரலற்ற வெடிப்பொலியாகவும், ‘பங்கு’ என்பதில் குரலுடைய ஒலியாகவும், ‘பகல்’ என்பதில் நெகிழ்ந்த உரசொலியாகவும் வரும் ககரம், ஒன்று வரும் சூழலில் மற்றொன்று வாராமையால், ஒரே ஒலியனாகிறது. இவ்வல்லின மாற்றத்தைக் கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் விளக்கினார். ஒலியன் கொள்கையைப் புளூம்ஃபீல்டின் 1933ஆம் ஆண்டு நூலும், பிராக் வட்டத்தைச் சேர்ந்த துருபெத்ஸ்கோயின் 1939ஆம் ஆண்டு நூலும் வலுப்படுத்தின.

இக்கொள்கையின் உயிர்நாடியான சோதனை தமிழ் மரபுக்குப் புதியதன்று. உன் தந்தை என்று பொருள்படும் ‘நுந்தை’ என்னும் முறைப்பெயரின் முதலில் வரும் குற்றியலுகரத்தை, அதாவது ஒரு மாத்திரையினின்று அரை மாத்திரையாகக் குறைந்த உகரத்தை, முற்றியலுகரமாக ஒலித்தாலும் பொருள் வேறுபடாது என்று மொழிமரபு கூறுகிறது. காது, கட்டு, முருக்கு போன்ற சொற்களில் இவ்விரு உகரங்களும் பொருளை வேறுபடுத்தும் என்று உரை மரபு இதற்கு எதிர்க்காட்டு தருகிறது. ஓர் ஒலியை மற்றொன்றால் மாற்றிப் பொருள் மாறுகிறதா என்று பார்க்கும் இம்முறையே எழுத்ததிகாரத்தின் ஆழ்ந்த பகுதி.

தொல்காப்பியர் முதலெழுத்து முப்பது என்றும், அவற்றைச் சார்ந்து வரும் சார்பெழுத்து குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்றே என்றும் கொள்ள, பவணந்தியாரின் நன்னூல் சார்பெழுத்தைப் பத்தாக்கி, விரிவில் 369 எனக் கணக்கிடுகிறது. உயிர்மெய் என்பது உயிரும் மெய்யும் சேர்ந்த கூட்டாதலால், அதனை அளபெடை, குறுக்கம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைப்பது வரிவடிவத்தையும் ஒலியையும் கலந்துவிடுகிறது. ஒலியனியல் நோக்கில் தொல்காப்பிய நெறியே செறிவானது.

இன்றைய பேச்சுத்தமிழ் அந்நெறிக்குப் புதிய வினாவை எழுப்புகிறது. தீவினையைக் குறிக்கும் ‘பாவம்’ என்பதையும் நாட்டிய மெய்ப்பாட்டைக் குறிக்கும் ‘பாவம்’ என்பதையும் முதலொலியின் குரலால் வேறுபடுத்திப் பேசுவோரின் வாயில் அவ்விரு முதலொலிகளும் தனித்தனி ஒலியன்களாகிவிட்டன. ஒரே பகர வரிவடிவம் அவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை.