ஈஸ்வரியின் மூச்சுக் கணக்கு

ஓர் ஓட்டக்காரனையோ மல்லனையோ அலசப் புகுகிறவன், அவன் கழுத்தில் விழுந்த மாலையைப் பார்த்து மகிழ்ந்ததோடு நின்றுவிடாமல், மூச்சை எந்த இடத்தில் சேமித்தான், எந்த இடத்தில் தாராளமாகச் செலவழித்தான், எந்தக் கணத்தில் பாய்ந்தான், பாய்ந்தபின் எவ்வளவு விரைவில் தன் நிலைக்கு மீண்டான் என்று உடம்பின் உபாயங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது இப்பத்தியின் சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்தை இந்த வாரம் மைதானத்திலிருந்து சற்றே நகர்த்தி, ஒரு பெண்மணியின் தொண்டைக்குப் பிரயோகித்துப் பார்க்க விரும்புகிறேன். தமிழ்த் திரையிசையில் எல்லோரும் கேட்டு, எல்லோரும் தாளம் போட்டு, ஆயினும் அதற்குரிய நிதானத்தோடு எவராலும் அளக்கப்படாத பெருந்திறன் ஒன்று உண்டென்றால், அது எல். ஆர். ஈஸ்வரி அவர்களின் திறன்தான் என்பது என் துணிபு.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய விசித்திரத்தையே பேசுவார்கள். பாட்டின் நடுவே சிரிப்பார், விக்குவார், முனகுவார், கூவுவார், வீதியில் பழம் விற்கிறவளைப் போலக் குரலை வீசுவார் என்பார்கள். அதெல்லாம் ஏதோ சுபாவத்தில் வந்த குறும்பு என்பதுபோலவும், சங்கீதம் என்பது அந்தக் குறும்புக்கு அப்பால் எங்கோ தனியாக இருப்பதுபோலவும் தொனிக்கும். என் காதுக்குப் பட்டது வேறு. மற்ற பாடகியர் மூச்சை மறைப்பதில் தேர்ச்சி பெற்றவர்கள்; பி. சுசீலா அவர்களின் பாட்டில் ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குமிடத்தில் காற்று எப்போது உள்ளே போயிற்று என்பதைக் கண்டுபிடிக்கவே முடியாது, அது ஓர் அற்புதமான அப்பியாசம். ஈஸ்வரியோ அந்தக் காற்றையே பாட்டின் ஓர் உறுப்பாக ஆக்கிக்கொண்டவர். அவர் இழுக்கிற மூச்சு காலப்பிரமாணத்துக்குள் விழுகிறது. விடுகிற மூச்சு ஒரு ஸ்வரத்தின் வாலாக நிற்கிறது. விசித்திரம் என்று ஊரார் பெயரிட்டது, கூர்ந்து கேட்டால், மிகக் கண்டிப்பான ஒரு கணக்கு.

மூச்சுக் கணக்கைப் பற்றி எங்கள் தூத்துக்குடிக் கரைக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கொற்கை காலந்தொட்டு இந்தக் கடலின் செல்வம் மனிதன் அடக்கிய மூச்சால் எடுக்கப்பட்ட செல்வம். பரதவர் குலத்துக் குளியாளி, காலடியில் கல் கட்டிய கயிறு, கழுத்தில் ஒரு வலைப்பை, மேலே தோணியில் தன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆள் என்ற இவ்வளவு சொற்ப சாதனங்களோடு, ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழமுள்ள, சிப்பிகள் விளையும் கடலடித் திட்டுகளான பார்களில் இறங்கி, ஒரு நிமிஷத்தை ஒட்டிய அவகாசத்தில் சிப்பிகளைப் பறித்துக்கொண்டு கயிற்றை அசைக்க வேண்டும். அவனுடைய திறன் முழுதும் எத்தனை காற்றை உள்ளே வாங்கினான் என்பதில் மட்டும் இல்லை; வாங்கியதை எந்த வேலைக்கு எவ்வளவு என்று பங்கிட்டான் என்பதில்தான் இருந்தது. பதறியவன் கை நிறையாமல் மேலே வந்தான். பேராசைப்பட்டவன் வராமலே போனான்.

இந்தக் கரைக்கும் ஈஸ்வரிக்கும் நேரான ஒரு சம்பந்தம் 1967-ல் ஏற்பட்டது. கே. பாலசந்தரின் ‘அனுபவி ராஜா அனுபவி’ படத்தில், நாகேஷ் இரட்டை வேஷம் பூண்டு அதில் ஒன்றைத் தூத்துக்குடிக்காரனாக நடித்த அந்தச் சிரிப்புப் படத்தில், மனோரமாவுக்காக ஈஸ்வரியும் நாகேஷுக்காக டி. எம். சௌந்தரராஜனும் பாடிய ‘முத்துக் குளிக்க வாரீகளா’ என்ற பாட்டு அது, மெட்டு எம். எஸ். விசுவநாதன், சாகித்தியம் கண்ணதாசன். பிற்பாடு அந்தப் படமும் மெட்டும் இந்திக்குப் போய், ‘தோ பூல்’ என்ற பெயரில் மெஹ்மூதின் வாயிலும் அசைந்தன. ஆனால் பாட்டு பிறந்த வேளையைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடிப் பார்களில் 1955-ல் தொடங்கி நல்ல பலன் தந்த முத்துக்குளிப்பு, 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அதன் பிறகு சங்கு குளித்தல் தொடர்ந்ததே தவிர, முத்துக்குளிப்புக்கு முரசு அறையப்படவில்லை. ஆறு வருஷமாக ஒருவரும் முத்துக் குளிக்காத கடலுக்கு ஒரு பெண்குரல் ஆண்பிள்ளையை அழைத்தது. ஊர் முழுவதும் அந்த அழைப்பைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது.

அந்த அழைப்பு செல்லுபடியானதற்குக் காரணம் அவருடைய உச்சரிப்பு. தென்பாண்டிச் சீமைப் பேச்சில் கேள்வி வாக்கியம் ஒன்று கடைசி அசையில் சற்றே தூக்கி, ஒரு குழைவோடு நிற்கும். மெட்டுக்குள் அந்தத் தூக்கலை வைப்பது மிகவும் கடினம், ஏனெனில் மெட்டு வேறொரு திசையில் இழுக்கும். ஈஸ்வரி மெட்டின் ஸ்வரத்தைச் சிதைக்காமல், அந்த ஸ்வரத்தின் முடிவில் மூச்சை அரைக்கணம் முன்னதாகவே தளர்த்திவிடுகிறார். பாட்டு பேச்சாகிவிடுகிறது, பேச்சு பாட்டின் தாளத்தை விட்டு ஓர் இம்மியும் விலகவில்லை. சௌந்தரராஜன் அவர்களின் கம்பீரமான சாரீரம் எதிரே நிற்கும்போது, குரலின் கனத்தால் அதற்கு ஈடுகொடுக்க முயலாமல் லயத்தின் கூர்மையால் ஈடுகொடுக்கிறார் என்பதையும் கேட்டு அனுபவிக்க வேண்டும்.

மறு ஆண்டே, 1968-ல், ‘பணமா பாசமா’ படத்தில் கே. வி. மகாதேவன் மெட்டில் எலந்தப்பழக் கூடைக்காரியின் பாட்டோடு வந்தார். இங்கே நாவு சென்னப்பட்டணத்து வீதிக்கு மாறிவிட்டது. ழகரம் உருண்டு யகரமாகிறது, கூவி விற்கிறவளின் தொண்டைக் கரகரப்பு வேண்டிய அளவு மட்டும் வந்து போகிறது. ஒரே ஆண்டு இடைவெளியில் இரண்டு சீமைகளின் பேச்சை இப்படித் தனித்தனியே காட்டிய பின்னணிப் பாடகி அந்நாளில் வேறு எவரும் எனக்குத் தென்படவில்லை. எங்கள் கரையில் இந்தப் பாட்டுகள் பெரும்பாலும் இலங்கை வானொலியின் வழியாக வந்தன. நடுவே கடலைத் தவிர வேறு தடையில்லாததால் சென்னை நிலையத்தைக் காட்டிலும் கொழும்பு நிலையம் தெளிவாகக் கேட்ட வீடுகள் இங்கே ஏராளம். உப்பளத்துக் கொட்டகையிலும் தோணித்துறைத் தேநீர்க் கடையிலும் ஈஸ்வரியின் குரல் கேட்டவர்களுக்கு அவர் அயலூர்க்காரியாகத் தோன்றியதே இல்லை.

அவர் வந்த வழியும் கவனத்துக்கு உரியது. 1939 டிசம்பரில் பிறந்த லூர்து மேரி ராஜேஸ்வரி, திரைப்படங்களில் கோஷ்டிப் பாட்டுப் பாடிவந்த தாயாரோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய், 1954-ல் வெளிவந்த ‘மனோகரா’வில் ஜிக்கியின் பாட்டுக்குப் பின்னணியில் பலரில் ஒருவராகப் பாடியவர். 1958-ல் ‘நல்ல இடத்துச் சம்பந்தம்’ படத்தில் மகாதேவன் தனிப்பாட்டுக் கொடுத்தார். 1961-ல் ‘பாசமலர்’ படத்தின் ‘வாராயென் தோழி வாராயோ’ அவரைத் தமிழ்நாட்டின் எல்லாக் கலியாணப் பந்தல்களிலும் கொண்டுபோய் நிறுத்தியது. கோஷ்டியில் பாடுகிறவளுக்குத் தன் குரல் தனியே தெரியக்கூடாது என்பதே முதல் பாடம். பலருடைய மூச்சோடு தன் மூச்சைச் சேர்த்து வைத்து, ஒரே இடத்தில் எடுத்து ஒரே இடத்தில் விட வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டில் வளர்ந்த ஒரு பெண், தனியே நின்றபோது அந்த மூச்சைக் கையாண்ட சுதந்திரம், கட்டுப்பாட்டை அறியாதவரின் சுதந்திரமாக இருக்க முடியாது.

அதற்குச் சான்றாக இரண்டு பாட்டுகளை எதிரெதிரே வைக்கிறேன். ஸ்ரீதரின் ‘சிவந்த மண்’ 1969-ல் வந்தது. அதில் ‘பட்டத்து ராணி’ என்ற பாட்டு, பிரம்மாண்டமான வாத்தியக் கோஷ்டி, சவுக்கின் வீச்சு, அந்த வீச்சுக்கு நடுவே ஆடவேண்டிய ஒருத்தியின் வலி, அந்த வலிக்குள் அடங்காத கர்வம் எல்லாம் கலந்தது. சவுக்கொலிக்கும் அவர் மூச்சு அதிர்வதற்கும் இடையே இருக்கும் இடைவெளியைக் கேளுங்கள். அடிபட்டவள் வலியை உணர எடுத்துக்கொள்ளும் அந்தக் கணநேரத்தைக்கூட அவர் தாளத்துக்குள் வைத்திருக்கிறார். உடனே, சோர்வின் சாயையே இல்லாமல், அடுத்த அடி முழுச் சுருதியில் எழுகிறது. மைதானத்தில் இதைத்தான் மீட்சி என்று போற்றுகிறோம். பாய்ச்சலைக் காட்டிலும் அரிய குணம் அது.

1972-ல் ‘வெள்ளி விழா’. பாலசந்தரின் படம், வி. குமாரின் இசை, வாலியின் வரிகள். ‘காதோடுதான் நான் பாடுவேன்’ என்ற பாட்டு. ஆரவாரம் மட்டுமே அவருக்கு வரும் என்று நினைத்திருந்த கூட்டத்துக்கு இது ஓர் ஆச்சரியம். எனக்கு இந்தப் பாட்டுத்தான் ஈஸ்வரியைக் கண்டடைந்த இடம். அதற்கு முன் அவரை ரஸித்தது உண்டு. ஆனால் எப்படிப் பாடுகிறார் என்று எழுந்து உட்கார்ந்து கேட்கச் செய்தது இதுதான். ரகசியம் பேசும் அளவுக்குக் குரலைத் தாழ்த்தியவுடன் சாதாரணமாகச் சுருதி நடுங்கத் தொடங்கும், ஏனெனில் தொண்டைக்குப் பின்னால் தள்ளுகிற காற்று குறைந்துவிடுகிறது. காற்றைக் கூட்டினாலோ ரகசியம் போய்விடும். ஈஸ்வரி இங்கே காற்றைக் குறைக்கவில்லை. நாதத்தைக் குறைத்துக் காற்றை அப்படியே வைத்திருக்கிறார். ஒவ்வொரு சொல்லையும் சுற்றி மெல்லிய ஈரக்காற்று ஒன்று நிற்கிறது, நடுவே சுருதி இம்மியளவும் அசையாமல் நிற்கிறது. நெடில்களை நீட்டுமிடத்தில் கமகம் போட அவருக்கு வழி திறந்தே இருந்தும், போடாமல் நேராக விட்டுவிடுகிறார். உறங்கப் போகிறவரின் காதருகே யாரும் சங்கதி போட மாட்டார்கள் என்ற விவேகம் அது. பத்துப் பாகம் கீழே இருக்கிற குளியாளி கைகால்களை வீணே அசைக்காமல், தேவையான ஒரே அசைவை மட்டும் செய்கிற நிதானத்தை நான் இந்தப் பாட்டில் கேட்கிறேன்.

இப்படிப்பட்ட ஒருவருக்குத் திரையுலகம் கொடுத்த இடம் எது என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது. கதாநாயகிக்கு ஒரு குரல், விடுதியில் ஆடுகிறவளுக்கு ஒரு குரல் என்று பிரித்து, உடம்பின் வாசனை குரலில் தெரியாமலிருப்பதே பெண்மைக்கு இலக்கணம் என்று விதித்து, அந்த விதிக்குப் புறத்தே நின்ற பாட்டுகளையெல்லாம் ஈஸ்வரிக்கு அளித்தார்கள். அவரும் அவற்றை மறுக்காமல், ஒவ்வொன்றுக்கும் ஓர் உயிரை ஊதினார். 1974-ல் ‘அவள் ஒரு தொடர்கதை’யில் ‘அடி என்னடி உலகம்’ பாடியபோது, அதே துள்ளலுக்குள் எவ்வளவு கசப்பைப் பொதிந்து வைக்க முடியும் என்று காட்டினார். அந்தப் பாட்டைக் கேட்டபின்னும் அவரை வெறும் கேளிக்கைக் குரல் என்று சொல்லத் துணிகிறவர்களோடு எனக்கு வாதம் இல்லை. அவர்கள் இன்னும் ஒருமுறை கேட்க வேண்டும் என்பதே பிரார்த்தனை.

திரையில் வாய்ப்புகள் அருகியபோது அவரை ஏந்திக்கொண்டவள் மாரியம்மன். கத்தோலிக்கப் பெயரோடு பிறந்த அந்தப் பெண்மணி பாடிய ‘கற்பூர நாயகியே கனகவல்லி’யும் ‘செல்லாத்தா செல்ல மாரியாத்தா’வும் ஆடி மாசத்தில் ஒலிக்காத தெரு தமிழ்நாட்டில் இல்லை. பனிமய மாதாவின் திருவிழாவும் அம்மன் கோயில் கொடையும் ஒரே பருவத்தில் அடுத்தடுத்த தெருக்களில் நடக்கிற எங்கள் ஊருக்கு இதில் வியப்பு ஒன்றும் தோன்றாது. ஆராய வேண்டியது வேறு. சபைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட அதே கூவல், அதே விக்கல், அதே தொண்டைக் கரகரப்பு, அம்மன் சந்நிதியில் அருள் என்று வணங்கப்பட்டது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவில் விரதமிருந்து காளி வேஷம் தரித்து வருகிறவர்களைப் பார்த்தவர்களுக்கும், கொடை விழாவில் குலவையிடும் பெண்களின் நடுவே நின்றவர்களுக்கும், பெண்குரலில் உக்கிரம் ஒரு குற்றமன்று என்பது பழைய பரிச்சயம். ஈஸ்வரியின் பாட்டு புதுமை என்று பட்டணம் நினைத்தது. தென்கரைக்கு அது தன் கோயில் முற்றத்துச் சங்கீதம்.

பின்னாளில் திரை மறுபடியும் அவரை அழைத்தது. 2011-ல் ‘ஒஸ்தி’ படத்தின் ‘கலாசலா’ பாட்டு இளைஞர்களிடையே பரவியபோது, அந்தக் குரலுக்கு எழுபதைத் தாண்டிய வயது என்று பலருக்குத் தெரியாது. 2020-ல் ‘மூக்குத்தி அம்மன்’ படத்துக்காக ‘ஆடிக் குத்து’ பாடினார். எண்பதை எட்டிய குரல். அலசுகிறவன் கடமைக்காகச் சொல்கிறேன்: மேல்ஸ்தாயியின் எல்லை சுருங்கியிருக்கிறது, நீண்ட கார்வைகளை அவர் தவிர்க்கிறார், சாரீரத்தில் முன்பிருந்த மினுக்கம் தேய்ந்து ஒரு வறட்சி ஏறியிருக்கிறது. ஆனால் ககரமும் டகரமும் றகரமும் தாளத்தின்மேல் விழுகிற விழுகை 1967-ல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மூச்சு குறைந்துவிட்டதை அறிந்து, நீளத்துக்குச் செலவழித்துவந்த காற்றையெல்லாம் அந்த வல்லெழுத்துகளின் தலையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.