நாலு மீட்டர் உயரத்தில்

மெர்சிங் ஜெட்டியில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்: ஆற்று முகத்துவாரம் ஆழம் குறைவு, நீர் ஏறினால்தான் தியோமான் ஃபெரி கிளம்பும். கூலாயிலிருந்து இருட்டோடு காரை எடுத்தாலும், அங்கே கடல் வைத்ததுதான் நேரம். கடலுக்குள் போனபின் ஃபெரியின் மூக்கு ஒவ்வோர் அலையிலும் எழும்பி எழும்பி அறையும். முன்வரிசையில் ஒரு பெண்மணி பிளாஸ்டிக் பையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. அந்த அறைச்சலே இல்லாமல் அலைக்குச் சில மீட்டர் மேலே பறந்துபோகும் ஊர்தி என்று கேள்விப்பட்டபோது எனக்கும் ஆசை வந்தது.

தரைவிளைவு ஊர்தி என்கிறார்கள். உயரத்தில் பறக்கும் விமானத்தின் இறக்கைக்கு அடியில் அழுந்தும் காற்று, நுனி வழியாக மேலே சுருண்டு நழுவுகிறது. அந்தச் சுழல் விமானத்தைப் பின்னால் இழுக்கிறது. நீரை ஒட்டிப் பறந்தால் சுழல் விரிய இடமில்லை. இழுப்பு குறைகிறது, காற்று மெத்தைபோல் தாங்குகிறது. கூழைக்கடா சிறகசைக்காமலே நீர்மேல் நெடுந்தூரம் போவது இப்படித்தான். எரிபொருள் மிச்சம், ஃபெரியைவிடப் பல மடங்கு வேகம், ஓடுபாதையும் வேண்டாம். இவை உண்மையான பலங்கள்; மறுப்பதற்கில்லை.

ஆனால் பலம் எங்கே இருக்கிறதோ அங்கேயே குறையும் இருக்கிறது. இறக்கையின் நீளத்தோடு ஒப்பிட உயரம் எவ்வளவு குறைவோ, பயன் அவ்வளவு அதிகம். சிறிய ஊர்தி நன்றாகத் தாழ்ந்து பறந்தாக வேண்டும்; தாழ்ந்தால் அலை தட்டும். சோவியத் பொறியாளர் ரோஸ்டிஸ்லாவ் அலெக்ஸேயெவ் இதற்காகத்தான் 92 மீட்டர் நீளத்தில், 544 டன் எடையில் ஒன்றைக் கட்டினார். 1966இல் பறந்த அந்த 'காஸ்பியன் கடல் பூத'த்துக்குப் பத்து ஜெட் என்ஜின்கள். எட்டு என்ஜின்கள் முன்பக்கம் இருந்தன, நீரிலிருந்து பிய்த்துக்கொண்டு எழுவதற்காக. பறப்பதில் மிச்சம், எழுவதில் செலவு. 1980இல் விபத்தில் அது மூழ்கியது.

நமக்கு அக்கரையில், ஜெர்மானிய வடிவமைப்பில் உருவான எட்டு இருக்கை ஏர்ஃபிஷ் 8, 2010இல் சிங்கப்பூர் கப்பல் பதிவேட்டில் ஏறியது. ஆம், கப்பலாகத்தான். அதன் பின்வந்த வாயேஜரை சிங்கப்பூர்–பாத்தாம் தடத்தில் ஓட்டும் திட்டமும் பேசப்பட்டது. எனக்கு அந்தத் தடம்தான் உறுத்துகிறது. சிங்கப்பூர் நீரிணையில் அலை குறைவு. கப்பல் கூட்டமோ உலகத்திலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்று. கடல் மோதல் தடுப்பு விதிப்படி, எழும்போதும் இறங்கும்போதும் நீரை ஒட்டிப் பறக்கும்போதும் மற்ற எல்லாக் கலங்களையும் விட்டு விலகிப் போக வேண்டியது இந்த ஊர்திதான். விலகுவது எளிதா? விமானம்போல் சாய்ந்து திரும்பினால் இறக்கை நுனி நீரில் பட்டுவிடும். அகல வளைந்தே திரும்ப வேண்டும். மணிக்கு 150 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 40 மீட்டருக்கு மேல். நாலு மீட்டரிலிருந்து கீழே விழ ஒரு நொடிகூட ஆகாது. விமானி தன் தவறைத் திருத்திக்கொள்ள உயரம் என்ற அவகாசமே இல்லை.

சென்னையிலும் கனவு பெரிது. சென்னை ஐஐடி ஆதரவில் வளர்ந்த வாட்டர்ஃப்ளை நிறுவனம், 2025 பிப்ரவரியில் பெங்களூரு ஏரோ இந்தியா கண்காட்சியில் தன் திட்டத்தை முன்வைத்தது: நீருக்கு நாலு மீட்டர் மேலே பறந்து கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு மூன்று மணி நேரம், இருக்கைக்கு 600 ரூபாய். அந்த இளைஞர்களின் துணிவை மதிக்கிறேன். ஆனால் செய்திகளெல்லாம் கட்டணத்தையே பேசின. கடலை யாரும் பேசவில்லை. வங்கக்கடலில் ஐப்பசி, கார்த்திகையில் அலை நாலு மீட்டரைத் தாண்டுவது அதிசயமா? நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் சேவை 2023 அக்டோபர் 14இல் தொடங்கி, பருவமழைக்காகச் சில நாள்களிலேயே நின்றதை நாம் பார்த்தோமே.

அமெரிக்காவின் ரீஜென்ட் நிறுவனம் இதில் கொஞ்சம் நிதானமாக யோசித்திருக்கிறது. அதன் பன்னிரண்டு பேர் ஊர்தி, துறைமுகத்துக்குள் நீரடிச் சிறகுகளில் மெதுவாகப் போய், வெளியே வந்தபின்தான் பறக்கும். எழும் செலவும் நெரிசலும் ஓரளவு தீரும். அலை தீராது.

ஆகவே மெர்சிங்–தியோமான் தடத்துக்கு மார்ச் முதல் அக்டோபர் வரை இதை வரவேற்பேன். அதிகம் அமிழாத அடிப்பாகத்துக்கு முகத்துவாரத்தின் ஆழக்குறைவு பெரிய தடையாகாது. சுற்றுலாப் பயணிக்கு அரை நாள் மிச்சமாகும். ஆனால் தீவின் கம்பத்துக்காரர்களுக்குப் படகு மிகவும் வேண்டியிருப்பது வடகிழக்குப் பருவக்காற்றில், ஃபெரிகள் குறைந்துபோகும் மாதங்களில். பிரசவ வலி எடுத்தவளை மெர்சிங் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டிய அந்த டிசம்பர் இரவில், இந்த ஊர்தியும் ஜெட்டியில்தான் கட்டிக்கிடக்கும்.